புது ஆற்றின் கடைமடையில் தென்னங்கன்றும் மொய் நோட்டும்

தஞ்சாவூரைத் தாண்டித் தெற்கே போகப் போக வண்டல் குறைந்து செம்மண் தலைகாட்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று ஊர்கள் கடந்தால் சேதுபாவாசத்திரம் பக்கம் கடல் வந்துவிடும். இந்த வழி நெடுக ஒரு ஆறு கூடவே வருகிறது. அரசாங்கக் கணக்கில் அது கல்லணைக் கால்வாய். ஊர்க்காரர்களுக்குப் புது ஆறு. மேட்டூர் அணை திறந்த அதே 1934-ல் தண்ணீர் விடப்பட்ட வெட்டாறு இது. கல்லணையில் புறப்பட்டுச் சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் போய்ச் சேர்கிறது. தொண்ணூறு வயது தாண்டியும் பெயர் புது ஆறுதான். இதன் கரையில் பிறந்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள், ஆற்றுக்கு மட்டும் வயதாகவில்லை.

மானாவாரியாகக் கிடந்த மேட்டு நிலத்துக்கு இந்த ஆறு நெல்லைக் கொடுத்தது. ஆனால் கடைமடை கடைமடைதான். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் பேராவூரணி வாய்க்கால்களில் தண்ணீர் எட்டிப் பார்க்கப் பல நாள் ஆகும். சில ஆண்டுகளில் வராமலே போகும். அதனால் ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும் வந்த காலத்தில் பலர் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறினார்கள். நடவுக்கு ஆள் தேட வேண்டாம், களையெடுப்புக்கு அலைய வேண்டாம். வீட்டில் பையன் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிடத் தோதான வெள்ளாமை கிடையாது. 45 நாளைக்கு ஒரு வெட்டு. வியாபாரி தோப்புக்கே வந்து எண்ணி எடுத்துப் போவார். ஆயிரத்துக்கு இத்தனை என்று லாபக்காய் கேட்பார், அது ஒரு தீராத வழக்கு.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் அந்தக் கணக்கு மொத்தமும் படுத்துவிட்டது. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான காற்றோடு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தோப்புகளை உழுதுவிட்டுப் போனது. முப்பது, நாற்பது வருட மரங்கள் வேரோடு சாய்ந்தன. சாயாதவை குருத்து முறிந்து நின்றன. அரசு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தது. அப்புறப்படுத்துகிற கூலிக்கே பத்தவில்லை என்று அப்போது பேசாத வீடு இல்லை. ஒரு மரம் ஆண்டுக்கு எத்தனை காய் கொடுத்தது, இன்னும் எத்தனை ஆண்டு கொடுத்திருக்கும் என்பதை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. மறுபடி கன்று வைத்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். நிறைந்த மகசூலுக்கு இன்னும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். அறுபத்தைந்து வயதுக்காரர் மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, 25 அடிக்கு ஒன்றாக, ஏக்கருக்கு 70 கன்று வைக்கிறார் என்றால், அந்தத் தோப்பின் நல்ல வெட்டு வரும்போது அவருக்கு எழுபத்தைந்து. வெளிநாட்டிலிருந்து மகன்கள் போன் போட்டுச் சத்தம் போட்டார்கள்.

“இந்த வயசுல எதுக்குப்பா இது? நான் பணம் அனுப்பலையா?”

“சும்மா போட்டா ரெண்டு மழையில சீமைக்கருவை ஏறிடும்டா. அதை வெட்டுற காசுக்குக் கன்னு வச்சிடலாம்.”

பேரனுக்காக, ஊருக்காக என்றெல்லாம் பெரிய பேச்சு இல்லை. நிலம் சும்மா கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். மனைவிமார்களின் கணக்கு இன்னும் கறாராக இருந்தது. தென்னை தலையெடுக்கும்வரை இடையில் வாழையும் உளுந்தும் கடலையும் போட்டு, இரண்டு மாட்டை வைத்து, அன்றாடச் செலவை ஓட்டியவர்கள் அவர்கள்.

எந்த ரகம் வைப்பது என்பதிலும் வயது புகுந்துவிட்டது. பக்கத்திலேயே வேப்பங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நெட்டையும் கிடைக்கும், நெட்டை குட்டை ஒட்டும் கிடைக்கும். ஒட்டு ரகம் நாலைந்து ஆண்டில் பாளை தள்ளும், தரையில் நின்றே சில ஆண்டு வெட்டலாம். ஆனால் தண்ணீரும் உரமும் தவறாமல் கேட்கும். நெட்டை பட்டினி தாங்கும். முன்பு இதை மண்ணையும் கிணற்றையும் பார்த்து முடிவு செய்தார்கள். இப்போது, “ஏற ஆள் யாரு?” என்பதே முதல் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனாலும் கோடையில் கிணறு வற்றும் தோப்பில் ஒட்டு ரகத்தை நிரப்பியவர்கள் சிரமப்படுகிறார்கள். குட்டையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ரகத்தை வைப்பது சரியான முடிவல்ல.

மரம் ஏறுகிறவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஒரு காலத்தில் தளைநார் மாட்டிக்கொண்டு காலையில் நாற்பது, ஐம்பது மரம் ஏறியவர்கள் இன்று முழங்கால் வலியோடு திண்ணையில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்று ஏறும் கருவி கொடுத்துப் பயிற்சி நடத்துகிறது. பெண்களும் கற்றிருக்கிறார்கள். ஆனால் தோப்புகளில் பெரும்பாலும் காணக்கிடைப்பது நீண்ட கம்பில் அரிவாள் கட்டிய துரட்டிதான். கீழே நின்று காய் வெட்டலாம், கொண்டையைச் சுத்தம் செய்ய முடியாது. அங்கேதான் காண்டாமிருக வண்டு குடியேறுகிறது. கஜாவில் விழுந்து மக்கிய மரங்களில் பெருகிய வண்டு இளங்கன்றுகளைத்தான் முதலில் பிடித்தது. கம்பியால் குத்தி எடுப்பதும், மட்டை இடுக்கில் மணலோடு அந்துருண்டை மூன்று வைப்பதும், எருக்குழியில் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணம் கலப்பதும் எல்லோருக்கும் தெரியும். கண்புரை அறுவை செய்துகொண்டவருக்குக் குருத்தில் ஓட்டை தெரிய வேண்டுமே! லீவுக்கு வரும் பேரப்பிள்ளை செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. “இது ஓட்டையா, நிழலா?” என்று தாத்தா கேட்கிறார். பள்ளிக்கூடம் திறந்தால் அதுவும் இல்லை.

ஆடி பிறந்தால் இந்த ஊர்களுக்கு வேறொரு கணக்கு தொடங்கும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் ஆடி, ஆவணி மொய் விருந்து மாதங்கள். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே, கொடுத்த மொய்யைத் திரும்ப வாங்க நடத்தும் விருந்து. இருபது, முப்பது பேர் கூட்டாக ஒரே பந்தலில் நடத்துவார்கள். கிடா வெட்டிக் கறிச்சோறு. ஆளுக்கு ஒரு மேசை, ஒரு பாத்திரம், ஒரு எழுத்தர். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் ஒருவர் நடத்தலாம். வந்த மொய்யைத் திருப்பிச் செய்யும்போது கூடுதலாக வைப்பது புதுநடை. கிணறு வெட்ட, மகளைக் கட்டிக்கொடுக்க, பையனுக்கு விசா வாங்க என்று வங்கி வாசலை மிதிக்காமல் மொத்தமாகப் பணம் கிடைக்க இது வழி செய்தது. இதைக் கேலி செய்கிறவர்கள் ஒரு முறை இந்த வட்டாரத்தில் பயிர்க்கடனுக்கு அலைந்து பார்க்கலாம்.

கஜாவுக்குப் பிறகு இந்த வட்டமும் தடுமாறியது. காய் இல்லை, பணம் இல்லை. ஆனால் மொய் பாக்கி இருக்கிறது. வைக்காவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. நகையை வைத்து மொய் செய்தார்கள். பிறகு கொரோனா வந்து விருந்துகளையே நிறுத்தியது. இப்போது கம்ப்யூட்டரில் பதிந்து ரசீது கொடுக்கிறார்கள், பணம் எண்ணும் இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் பந்தலுக்குப் பந்தல் போய் வருவது வயதானவர்கள்தான். ஒரே நாளில் நான்கு அழைப்பு இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று மூன்றையும் வைத்துக்கொண்டு நான்கு இடத்தில் கறிச்சோற்றுக்கு உட்கார முடியுமா?

“மாமா, இலையில உட்காராமப் போனா எப்படி?”

“மொய்யை எழுதிக்க மாப்ளே. காலையிலேயே ரெண்டு எடத்துல நனைச்சாச்சு. டாக்டர் திட்டுவாரு.”

சிரிப்போடு போகிற பேச்சு இது. இதற்கு அடியில் ஒரு கவலை இருக்கிறது. இந்த நோட்டு யாருக்குப் போகும்? நிலத்துக்குப் பட்டா உண்டு, வாரிசுச் சான்று உண்டு. மொய் நோட்டுக்கு அதெல்லாம் கிடையாது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நிலத்தோடு மொய்யையும் பிரிப்பார்கள்; வரவு யாருக்கு, செய்ய வேண்டியது யாருக்கு என்று ஊரார் முன்னிலையில் பேசி முடிப்பார்கள். அது எல்லாரும் ஊரில் இருந்த காலத்து ஏற்பாடு. இன்று ஒருவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில், ஒருவன் சென்னையில். நோட்டில் இருப்பதோ ஊர்ப்பேர், அப்பா பேர், பட்டப்பேர். அப்பா திடீரென்று படுத்துவிட்டால் அந்தப் பேருக்கு முகம் சொல்ல ஆள் இல்லை. கணவனை இழந்த பெண்கள்தான் இதில் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். செய்ய வேண்டிய மொய்க்கு அழைப்பிதழ் தவறாமல் வந்துவிடும். வர வேண்டியதை அவர் போய்ப் பந்தல் போட்டு வாங்க மகன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஊரில் இளைஞர்களே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2019-ல், புயல் அடித்த மறு ஆண்டு, கைஃபா என்ற பெயரில் சேர்ந்த கடைமடை இளைஞர்கள் 500 ஏக்கருக்கு மேற்பட்ட பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் பணம் அனுப்பினார்கள். குளம் நிரம்பியபோது கரையில் நின்று பார்த்தவர்களில் பாதிப்பேர் கைத்தடியோடு வந்தவர்கள். புது ஆற்றுக்குக் கான்கிரீட் தளம் போடும் வேலை வந்தபோது, தரையில் தண்ணீர் இறங்காவிட்டால் எங்கள் போர்வெல் என்னாகும் என்று மறித்துக் கேட்டவர்களில் இரண்டு தலைமுறையும் இருந்தது.

கஜாவுக்குப் பின் வைத்த கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கிவிட்டன. சில தோப்பு வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இரவு வீடியோ காலில் மொய் நோட்டு வாசிக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு பேராகச் சொல்ல, மகன் அங்கே தட்டச்சு செய்துகொள்கிறான். ஒரு பேருக்கு அரைமணி நேரம் ஆகிறது. யார் அவர், எந்த வாய்க்கால் கரை வீடு, எந்த வருடம் நமக்கு முதலில் எழுதினார், அவர் மகளை எந்த ஊரில் கொடுத்திருக்கிறது என்று அப்பா சொல்லாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை. 212 பேரில் இதுவரை 40 முடிந்திருக்கிறது.