இரண்டு வகைத் தூள்

முப்பது வருடங்களுக்கு மேலாகச் சீனி போட்ட பிளேன் ரீயை நம்பியே நான் பத்திரிகைத் தொழில் செய்து வந்தேன். இரவுப் பணியின்போது ஆசிரியபீடத்துக்கு எட்டுத் தடவையாவது தேநீர் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சீனி. தலைப்பு வராவிட்டால் ஒரு தேநீர், பக்கம் முடிந்துவிட்டால் இன்னொரு தேநீர். அதன் கணக்கு 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கையாக என் கைக்கு வந்தது. வெறும் வயிற்றில் 186. என் தகப்பனார் இதே நோயினால் ஒரு காலை இழந்தவர் என்பதை வைத்தியரிடம் சொன்னேன். "அப்படியானால் உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை" என்றார் அவர்.

சீனியை விட்டேன். சீனியில்லாத பிளேன் ரீ நாவில் ஏறவில்லை. எனவே தேநீரையும் விட்டேன். மாலை நான்கு மணியானால் கை தானாகவே மேசையின் வலப்புறத்தைத் தடவும். அங்கு கோப்பை இராது. எழுத உட்கார்ந்தால் இரண்டாவது பந்தியுடன் நின்றுவிடும். இதைச் சிலர் நம்பமாட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் நம்புவார்கள்.

2025 ஆகஸ்டில், ஒசாக்காவில் பணிபுரியும் என் மருமகன் விடுமுறையில் வருவதற்கு முன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, மச்சா குடித்துப் பார்க்கிறீங்களா? அதற்குச் சீனியே போடுவதில்லை." பக்கத்திலிருந்த மனைவி, "யாருடைய மச்சான்?" என்று கேட்டதில் வீடு சிரித்தது. பின்னர் அவன் விளக்கினான். தேயிலைச் செடிகளை அறுவடைக்கு முன் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நிழலில் மூடி வளர்க்கிறார்கள். பறித்த இலையை ஆவியில் வேகவைத்து, சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கிக் கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். ஓர் எந்திரம் ஒரு மணித்தியாலம் சுழன்றால் கிடைப்பது 40 கிராம் அளவுதான். அந்தத் தூளை வடிப்பதில்லை. இலை முழுவதையும் நீருடன் சேர்த்துக் குடிக்கிறோம்.

கியோத்தோவுக்கு அருகிலுள்ள ஊஜியில் விளைந்த தூளில் 30 கிராம் கொண்ட ஒரு சிறு தகரப் பேணி வாங்கிவந்தான். விலை 2,500 யென்; நமது பணத்தில் ஐயாயிரம் ரூபாவைத் தாண்டும். உலகெங்கும் கேள்வி கூடியதால் ஜப்பானின் பழம்பெரும் தேநீர் நிறுவனங்கள் சில, 2024இன் பிற்பகுதியிலிருந்தே ஒருவருக்கு இத்தனை பேணிதான் என்று கட்டுப்பாடு விதித்திருந்தன. பேணியின் மேல் 'சடங்குத் தரம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா எனத் தேடினேன். அப்படியோர் அதிகாரபூர்வத் தரம் ஜப்பானில் இல்லை என்றும், அது விற்பனைக்காகச் சூட்டிய பெயர் என்றும் மருமகன் சொன்னான். பார்க்க வேண்டியவை விளைந்த ஊரும் நிறமும்தான். நல்ல தூள் பளிச்சென்ற பச்சையாக இருக்கும். மஞ்சளோடிப் பழுப்பேறியது பழையது அல்லது தாழ்ந்தது.

தூளுடன் ஒரு சாசென்னும் வந்தது. ஒற்றை மூங்கில் துண்டை நுணுக்கமாகக் கீறி நூறளவில் மெல்லிய பற்களாக்கிய கடையும் கருவி அது. நாரா மாநிலத்தின் தக்கயாமா கிராமம் இதற்குப் பேர்போனது. தூள் அள்ளும் மூங்கில் கரண்டியான சாஷக்குவும் வந்தது. கிண்ணம் மட்டும் வரவில்லை. கையால் வனைந்த நல்ல கிண்ணத்தின் விலை தன் விமானச்சீட்டுடன் போட்டியிடும் என்றான்.

ஆகவே கிண்ணம் தேடிப் புறக்கோட்டைக்குப் போனேன். ஏற்றுமதிக்குத் தேறாமல் ஒதுக்கப்பட்ட பீங்கான்களை நடைபாதையில் குவித்து விற்பவரிடம், வாய் 12 சென்றிமீற்றர் அகன்ற, உள்ளே வழுவழுப்பான, அடி தட்டையான ஒரு சாம்பல் நிறக் கிண்ணம் கிடைத்தது. விளிம்பில் ஒரு சிறு கொப்புளம். அதற்காக ஐம்பது ரூபா குறைத்தார். இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்பதைப் பிறகு வாசித்தறிந்தேன். ஜப்பானியத் தேநீர்க் கலைஞர்கள் பெரிதும் போற்றிய இடோ கிண்ணங்கள், கொரியாவில் அன்றாடப் பாவனைக்கென வனையப்பட்டவை என்றே கருதப்படுகின்றன. தேநீர்ச் சடங்கை எளிமையின் பக்கம் திருப்பிய சென் நோ ரிக்கியூ, ஆடம்பரமற்ற கருநிறக் கிண்ணங்களை விரும்பியவர். 1591இல் ஆட்சியாளர் தொயோத்தோமி ஹிதெயோஷியின் கட்டளைப்படி அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது.

முதல் நாள் தோல்வி. கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றி, சீனி கலக்குவதுபோல் வட்டமாகக் கலக்கினேன். கட்டி கட்டியாக மிதந்த கசப்பு நீர் ஒன்று கிடைத்தது. "வேப்பிலைக்கு இவ்வளவு காசா?" என்றார் மனைவி. அன்று மாலை சாசென்னைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அலுமாரிக்குள் மூடியும் வைத்தேன். இரண்டும் பிழை. அதற்கு வெந்நீரில் அலசுவதே போதும். கொழும்பின் ஈரக்காற்றில் மூடிவைத்த மூங்கில் பூஞ்சணம் பிடித்துவிடும்; காற்றுப்படத்தான் உலர வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். கிண்ணத்தில் வெந்நீர் விட்டு, அதில் சாசென்னின் பற்களைச் சிறிது ஊறவைத்து, நீரைக் கொட்டித் துடைத்துவிட வேண்டும். 2 கிராம் தூளை, அதாவது மூங்கில் கரண்டியால் இரண்டு அள்ளலை, சிறு வடியில் சலித்துப் போட வேண்டும். கொதித்து 80 பாகைக்கு ஆறிய நீர் 70 மில்லிலீற்றர். சாசென்னை அடியில் அழுத்தாமல், மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னும் விரைவாக அடித்தால் கால் நிமிடத்தில் நுரை எழும். திறந்த பேணியை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. இலையையே விழுங்குவதால் கஃபீன் கணிசமாகச் சேரும். இரவில் தூக்கம் வேண்டுவோர் மாலையுடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள் சரியாக வந்தது. கசப்புக்குப் பின்னால் ஓர் இனிமை தானாக ஊறியது. சீனிக்கு அங்கு வேலை இருக்கவில்லை. அன்று நான் இரண்டாவது பந்தியைத் தாண்டி எழுதினேன்.

இந்தக் கதை இத்துடன் முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஒரு சனிக்கிழமை, பல வருடங்கள் என்னுடன் பணியாற்றிய மலையக நண்பர் வீட்டுக்கு வந்தார். அவருடைய தாயார் நாற்பது வருடங்கள் கொழுந்து பறித்தவர். நண்பர் இரு கைகளாலும் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். பேணியின் விலையைக் கேட்டார். 15 கிண்ணம் வரும், ஒன்றுக்கு 340 ரூபா என்று கணக்குச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே அது எங்கே போய் நிற்கும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல்தான் 1,350 ஆனது. அதில் நான்கில் ஒரு பங்கு என் மாலைக் கிண்ணம். அச்சம்பளத்துக்காக எத்தனை ஆசிரிய தலையங்கங்கள் எழுதியவன் நான்!

நண்பர் கோபப்படவில்லை. "எங்கள் லயத்திலும் தூள்தான் குடித்தோம்" என்றார். "நல்ல இலையெல்லாம் கப்பலுக்குப் போகும். சலித்துச் சலித்துக் கடைசியில் மிஞ்சும் தூசு எங்களுக்கு. இங்கே நல்ல இலையைத் தூளாக்குகிறார்கள். தாங்களே குடிக்கவும் செய்கிறார்கள். எங்கள் அம்மா தான் பறித்த கொழுந்தின் ருசியை அறியாமலே போனார்."

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலை பயிரிட்ட வரலாற்றை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை ஒருபோதும் எழுதியதில்லை. பதில் சொல்லத் தெரியாமல் கிண்ணத்தைக் கழுவி, அவருக்கு இன்னொரு தடவை கடைந்து கொடுத்தேன்.

நவம்பரில் எடுத்த பரிசோதனையில் 124. அதற்கு மாத்திரைகளும் மாலை நடையுமே காரணம். மச்சாவை மருந்தென்று எவரும் எண்ண வேண்டாம். அது சீனி இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். பேணி முடிந்த பின் அடுத்ததை உடனே வரவழைக்கவில்லை. நண்பர் ஊருக்குப் போய்த் திரும்புகையில், தமக்குத் தெரிந்த சிறு தோட்டக்காரர் ஒருவர் கையால் உருட்டிய பச்சைத் தேயிலையில் கால் கிலோ கொண்டுவந்தார். கடைய முடியாது, வடிக்கத்தான் வேண்டும். அதே சாம்பல் நிறக் கிண்ணத்தில், சீனியில்லாமல், அதைத்தான் இப்போது இருவரும் சனிக்கிழமைகளில் குடிக்கிறோம். முதல் மிடறில் நண்பர் ஒன்றும் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.