நிழலுக்கு வெளிச்சம் கொடுங்கள்

கலர் ஃபிலிமில் எடுத்த படம் ஸ்கேனாகி வந்ததும் கிரெயின் அப்பிக் கிடந்தால், முதல் பழி ஃபிலிமின் மேல் விழும், அடுத்தது லேபின் மேல். பெரும்பாலும் இரண்டும் காரணமாக இருப்பதில்லை. நெகடிவை லைட் பாக்ஸில் வைத்து லென்ஸ் வழியே பார்த்தால் தெரிந்துவிடும்.

பார்க்க வேண்டிய இடம் விளிம்பு. அங்கே உள்ள பிரேம் எண்களும் ஃபிலிமின் பெயரும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. அவை அழுத்தமாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் டெவலப்பிங்கில் பிழையில்லை. கேமராவுக்குள் போன வெளிச்சம்தான் போதவில்லை. எழுத்துகளும் சேர்ந்து மங்கியிருந்தால் லேபைக் கேட்கலாம்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவரை எடுத்த பிரேமில் இதைத் தெளிவாகக் காணலாம். மீட்டர் ஜன்னல் வெளிச்சத்தை நம்பி அளந்திருக்கும். அவருடைய தலைமுடி இருக்க வேண்டிய இடம், விளிம்பின் வெற்று ஆரஞ்சு நிறத்தோடு கலந்துபோயிருக்கும். அங்கே எதுவும் பதியவில்லை. அந்த வெறுமையை ஸ்கேனர் வலிந்து வெளிச்சமாக்கும்போதுதான் சாம்பலும் பச்சையுமாகப் புள்ளிகள் கிளம்புகின்றன.

இத்தனைக்கும் கலர் நெகடிவில் கண்ணுக்குத் தெரிவது வெள்ளித் துகள் அல்ல. வழக்கமான சி-41 முறையில் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி டெவலப் ஆகும்போது, ஒளிபட்ட வெள்ளி உப்புப் படிகம் ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்னச் சாயத் திட்டு உருவாகும். பிறகு பிளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளியை அகற்றிவிடும். சாயம் மட்டுமே மிஞ்சும். வெளிச்சம் குறைந்தால் பெரிய, வேகமான படிகங்களே வேலை செய்யும். திட்டுகள் பெரிதாக, இடைவெளி விட்டுக் கிடக்கும். வெளிச்சம் கூடினால் நுண்ணிய படிகங்களும் சேர்ந்துகொண்டு அந்த இடைவெளியை அடைத்துவிடும்.

அதனால்தான் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்தால் கலர் நெகடிவில் கிரெயின் அடங்குகிறது. கறுப்பு வெள்ளையில் பழகியவர்களுக்கு இதை நம்புவது கடினம், அங்கே கூடுதல் வெளிச்சம் கிரெயினை ஏற்றும். ஸ்லைடு ஃபிலிமுக்கும் இந்தச் சலுகை கிடையாது. வெளிச்சம் மிஞ்சினால் வெண்மையான பகுதிகள் வெளுத்துவிடும். கலர் நெகடிவில் மட்டும் 400 ஃபிலிமை மீட்டரில் 200 என்று வைத்து, நிழலைப் பார்த்து அளப்பது நல்ல பழக்கம்.

இருட்டில் எடுத்துவிட்டு "புஷ் பண்ணிக்கலாம்" என்று லேபில் கொடுப்பது கடைசி வழி. டெவலப்பிங் நேரத்தை நீட்டினால் கான்ட்ராஸ்ட் ஏறும், கிரெயினும் ஏறும். நிழலில் பதியாதது பதியாததுதான். 1975இல் வந்த 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளுக்காக ஸ்டான்லி குப்ரிக்கும் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டும், நாசாவுக்காக ஸைஸ் செய்த எஃப் 0.7 லென்ஸைக் கேமராவில் பொருத்தினார்கள். புஷ் செய்தது ஒரே ஒரு ஸ்டாப். கிடைக்கிற வெளிச்சத்தையெல்லாம் லென்ஸ் வழியே உள்ளே வாங்கிய பிறகுதான் ரசாயனத்திடம் போனார்கள். இந்த வரிசைதான் சரியான வரிசை.

பெரிய பிரிண்ட் போட நினைப்பவர்களுக்கு ஃபிலிமின் அளவு கைகொடுக்கும். 35 எம்.எம். பிரேம் 24க்கு 36 மில்லிமீட்டர். 120 ரோலில் 6×6 பிரேம் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் சதுரம். பரப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். ஒரே ஃபிலிம், ஒரே அளவு பிரிண்ட், ஆனால் பெருக்குவது குறைவு என்பதால் கிரெயினும் கண்ணை உறுத்தாது. வெயிலில் எடுப்பதானால் எக்டார் 100 போன்ற மெதுவான ஃபிலிம் போதும்.

ஸ்கேனரிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதன் ஷார்ப்பனிங்கை அணைத்துவிட்டாலே பாதிக் 'கிரெயின்' காணாமல் போவதுண்டு. அதற்குப் பிறகும் மென்பொருளைக் கொண்டு துடைத்தெடுப்பது அளவோடு இருக்க வேண்டும். முகத்தின் தோல் மெழுகுபோல் ஆன படத்தைவிடக் கிரெயின் உள்ள படம் எவ்வளவோ மேல். விமான நிலையங்களில் புதிதாக வந்திருக்கும் சி.டி. ஸ்கேனர்கள் ஃபிலிமில் மூட்டம் போட்டுக் கிரெயினையும் கூட்டுபவை. ரோல்களைக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த 400 ரோலில், நிழல் நிறைந்த ஒரே காட்சியை மீட்டரில் 800, 400, 200, 100 என வைத்து நான்கு பிரேம் எடுங்கள். புஷ் ஏதும் இல்லாமல் டெவலப் செய்யச் சொல்லி, நெகடிவை மறக்காமல் திரும்ப வாங்குங்கள். நிழல் பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, உங்கள் கேமராவுக்கு எந்த எண் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.