உப்பளத்தில் ஒரு ரோல்

உப்பளத்து வெயிலில் லைட் மீட்டரை முழுசாக நம்பக்கூடாது. தான் பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்வது அதன் சுபாவம். சித்திரை உச்சிவேளை, 100 ஐஎஸ்ஓ கறுப்பு-வெள்ளை ரோல், வேகம் 1/250. தூத்துக்குடி உப்பு அம்பாரத்துக்கு நேரே காட்டினால் எஃப் 22 என்று சொல்லும். அப்படியே எடுத்தால் உப்பு சாம்பலாகும். தலைத்துணி நிழலில் உப்பு வாரும் பெண்ணின் முகத்தில் கண்ணே தெரியாது. நான் எஃப் 8 வைப்பேன், மூன்று ஸ்டாப் கூடுதல். தரையில் கிடக்கும் உப்பே வெயிலை முகத்துக்குத் திருப்பி அடிப்பதால் அதற்குமேல் வேண்டியதில்லை.

ஃபிலிமில் நிழலைக் கோட்டைவிட்டால் மீட்க வழியில்லை. ஜெலட்டினுக்குள் இருக்கும் வெள்ளி புரோமைடு படிகத்தில் ஒளி பட்டதும் சில வெள்ளி அணுக்கள் சேர்ந்து ஒரு புள்ளியாகும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் டெவலப்பர் படிகம் முழுவதையும் கறுத்த வெள்ளியாக மாற்றும். புள்ளி விழாத படிகத்தை, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசல் கரைத்துவிடும். ஒளி கூடிப்போன உப்பையோ, கழுவும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்து அடக்கிக்கொள்ளலாம்.

கழுவுவதுதான் இந்த ஊரில் பெரும்பாடு. டி-76 டெவலப்பர் கேட்பது 20 டிகிரி. கோடையில் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் ஊதி, நகம் பட்டாலே கீறும். மீனுக்குப் போடுகிற ஐஸை உடைத்துத் தொட்டியில் கொட்டி, பாட்டில்களை அதற்குள் நிறுத்துவேன். டெவலப்பருக்குள்ளேயே ஐஸைப் போட்டால் கரைசல் நீர்த்துப்போகும். 20-க்கு இறக்கி மல்லுக்கட்டுவதைவிட 24-ல் நிறுத்தி, நேரத்தைக் குறைப்பதே நமக்குச் சரி. ஆனால் ஹைப்போவும் அலசும் தண்ணீரும் அதே 24-ல் இருக்க வேண்டும். சூடு மாறினால் ஜெலட்டின் சுருங்கிப் படம் முழுக்க வலை விழும். 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஏன் ஊட்டிக்குப் போனது என்று இங்கே கழுவிப் பார்த்த யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்தக் கலையே உப்பில் பிறந்ததுதான். 1830-களில் ஆங்கிலேய விஞ்ஞானி டால்பட் காகிதத்தை உப்புநீரில் நனைத்து, மேலே வெள்ளி நைட்ரேட் பூசி வெயிலில் காட்டினார். உப்பு குறைவாக இருந்தால் காகிதம் சீக்கிரம் கறுக்கும். மிகுந்தால் கறுக்க மறுக்கும். படம் மேலும் கறுக்காமல் நிறுத்தவும் அவர் கெட்டியான உப்புநீரைத்தான் பயன்படுத்தினார். ஹைப்போவை 1839-ல் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் வானியலாளர் ஹெர்ஷல்.

நம் பாத்தி உப்பிலேயே அந்தக் காகிதத்தைச் செய்து, 120 ரோல் நெகட்டிவை மேலே வைத்து மொட்டைமாடியில் பிரிண்ட் போடுகிறேன். மங்கலான நெகட்டிவை அந்தக் காகிதம் ஏற்காது. அதற்கென்று எடுக்கும் ரோலை மட்டும் நேரம் குறைக்காமல், கூட்டியே கழுவுகிறேன்.