மேடையில் நான்கு நிமிடம்



மேடை என்றாலே நம்மில் பலருக்குக் கை கால் உதறும். இது நமக்கு மட்டும் உள்ள பயம் இல்லை. காந்தியடிகள் லண்டனில் படித்த காலத்தில் சைவ உணவுச் சங்கக் கூட்டத்தில், தான் எழுதி வைத்திருந்ததைக்கூட வாசிக்க முடியாமல் வேறொருவரை வாசிக்க வைத்தார். அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். திருவள்ளுவரும் 'அவை அஞ்சாமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். 73-ஆவது அதிகாரம். அந்தக் காலத்திலும் சபையைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்!

ஜூலை 15 பெருந்தலைவர் காமராசர் பிறந்த நாள். 2006-ஆம் ஆண்டிலிருந்து அதைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். இந்த ஆண்டு பேச்சுப்போட்டிக்கு நானும் பெயர் கொடுத்தேன். பரிசுக்காக இல்லை. நம் ஊரில் பத்தாம் வகுப்பு வரைதான் இருக்கிறது. அதற்கு மேல் டவுனுக்கு பஸ்சில் போக வேண்டும். என் அக்கா நன்றாகப் படித்தும் பத்தாவதோடு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் நான் பத்தாவது. விழாவுக்குப் பெற்றோர்களை அழைத்திருந்தார்கள். வீட்டில் அப்பாவிடம் சொல்ல வாய் வராதது மேடையில் வரும் என்று நினைத்தேன்.

நான் தயார் செய்த விதத்தைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

முதலில், யாருக்காகப் பேசுகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். நான் அப்பாவுக்காக என்று முடிவு செய்தேன். அதன் பிறகு எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்பது சுலபமாகத் தெரிந்துவிட்டது. 'கல்விக்கண் திறந்தவர்', 'கர்மவீரர்' என்று எல்லோரும் சொல்வதை அப்பா நிறையக் கேட்டிருப்பார். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

இரண்டாவது, புத்தகத்தில் மட்டும் தேடக் கூடாது. நான் அப்பத்தாவிடம் கேட்டேன். "மத்தியானம் மக்காச்சோள உப்புமா போடுவாக. அந்த வாசத்துக்கே ஓடுவோம்த்தா. நாலாப்புல தம்பி பொறந்துட்டான், தூக்க ஆளு இல்லன்னு நிறுத்திட்டாக" என்று சொன்னது. இத்தனை வருடம் கூடவே இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. காமராசரும் ஆறாம் வகுப்போடு நின்றவர்தான். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடம் திறந்தார், மதிய உணவு போட்டார். படிப்பு நின்றுபோனவருக்குத்தான் அதன் அருமை தெரிந்திருக்கிறது. என் பேச்சு இதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்றாவது, முழுவதையும் மனப்பாடம் செய்யக் கூடாது. ஒரு வரி மறந்தால் மாலையில் நூல் அறுந்த மாதிரி எல்லாம் உதிர்ந்துவிடும். முதல் இரண்டு வரியும் கடைசி இரண்டு வரியும் மட்டும் மனப்பாடம் செய்தேன். நடுவில் ஐந்து சொற்கள்: உப்புமா, தம்பி, ஆறாம் வகுப்பு, பஸ், சைக்கிள். இதை ஒரு சின்னத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டேன்.

நான்காவது, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனதுக்குள் சொன்னால் நேரம் தெரியாது. எங்கள் வீட்டுத் திண்ணையில் தம்பிதான் நடுவர். கடிகாரத்தைப் பார்த்து மூன்றாவது நிமிடம் கரண்டியால் தட்டில் தட்டுவான். முதல் நாள் ஆறு நிமிடம் வந்தது. குறைத்துக் குறைத்து நான்காவது நாள் சரியாக வந்தது.

மேடையில் ஏறியதும் உடனே ஆரம்பிக்காதீர்கள். மைக்கைச் சரி செய்து ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடங்குங்கள். வாயை மைக்கில் ஒட்டினால் 'புஸ் புஸ்' என்று கேட்கும், ஒரு சாண் தள்ளி நின்றால் போதும். தரையைப் பார்க்காமல் கடைசி வரிசையில் இருப்பவரைப் பார்த்துப் பேசினால் குரல் தானாக உயரும். எனக்குக் கடைசி வரிசைக்கும் பின்னால், வேப்பமரத்தடியில் அப்பா நின்றார்.

தமிழ் ஐயா ஒன்று சொல்லியிருந்தார். கேட்பவர் வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு செய்தியாவது பேச்சில் இருக்க வேண்டுமாம். நான் கடைசியில் சொன்னேன்: "அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் தருகிறார்கள். பஸ் பாஸ் இலவசம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேல்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று 2022-இல் புதுமைப்பெண் திட்டம் தொடங்கினார்கள். அப்பத்தாவுக்கு உப்புமா கிடைத்தது, படிப்பு கிடைக்கவில்லை. எங்களுக்கு இரண்டும் கிடைக்கட்டும்." கை கடைசி வரை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கூட்டத்துக்கு அது தெரியவில்லை என்று தோழிகள் சொன்னார்கள்.

எனக்கு மூன்றாம் பரிசு. ஒரு எவர்சில்வர் கிண்ணம். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "டவுனுக்கு காலையில பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ்சு எத்தன மணிக்கு?" என்று அக்காவிடம் கேட்டார். "ஏழே முக்கால்" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் சொல்ல முடியாத ஏதாவது ஒன்று இருக்கும். அடுத்த போட்டிக்குப் பெயர் கேட்டு வரும்போது கையைத் தூக்குங்கள். நடுங்கினாலும் பரவாயில்லை, தூக்குங்கள்.



- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி