எட்டிய இடமும் எஞ்சிய எண்ணிக்கையும்

நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிறவர்கள் அடிவாரத்திலுள்ள காரவள்ளியைக் கடந்ததும் வளைவுகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சென்ற தை மாதத்தில் நானும் என் தமக்கை மகனும் அவ்வழியே சென்றபோது எங்கள் வாடகை வண்டி 41ஆவது வளைவில் சூடேறி நின்றுவிட்டது. ஓட்டுநர் தண்ணீர் தேடிச் சென்றார். மேலே செம்மேட்டில் எங்களுக்காகக் காத்திருந்த பெரியவரை மருமகன் தொலைபேசியில் அழைத்து, "இன்னும் இருபத்தொன்பது வளைவு பாக்கி இருக்குங்க" என்றான்.

"நாற்பத்தொன்றில் நிற்கிறோம் என்று சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நாம் எவ்வளவு ஏறினோம் என்பது நமக்குத்தானே பெருமை, மாமா. சோற்றை எப்போது வடிப்பது என்று பார்க்கிறவருக்குப் பாக்கிதான் வேண்டும். நான் வேலை செய்கிற இடத்திலும் இதுதான் வழக்கம்" என்று சொல்லிச் சிரித்தான்.

அவனுடைய வேலை இன்னதென்று அதுவரை நான் சரியாகக் கேட்டறிந்ததில்லை. அவன் மேல்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில், தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஒரு மடிக்கணினி கிடைத்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளமும் அதில் இருந்தது. அதைக் குடைந்து பார்க்கத் தொடங்கியவன் இன்று அதன் உட்கருவான கர்னலில் வேலை செய்கிறான். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கர்னல் அது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசிகளும் அதைக்கொண்டே இயங்குகின்றன. ஓட்டுநர் திரும்பும் வரை வேறு வேலையில்லை. பாதையோரக் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து அவன் சொல்லச் சொல்லக் கேட்டேன். என் சொற்களில் அதைத் தருகிறேன்.

கணினியின் நினைவகத்தில் இரு பகுதிகள் உண்டு. நாம் பயன்படுத்தும் செயலிகளுக்குரியது ஒன்று, கர்னலுக்கே உரியது மற்றொன்று. கடிதம் எழுதும் செயலியோ படம் காட்டும் செயலியோ தன் எல்லையைத் தாண்டி வர முடியாது. ஆனால் கர்னல் எங்கும் செல்ல வல்லது. ஒரு செயலி கோப்பில் எதையேனும் எழுத வேண்டுமானால், "என் நினைவகத்தில் இந்த முகவரியிலிருந்து 4096 பைட்டுகளை எடுத்துக்கொள்" என்று கர்னலிடம் விண்ணப்பிக்கிறது. அந்த முகவரி உண்மையாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். கர்னலின் அந்தரங்க அறையைக் காட்டும் வஞ்சகமாகவும் இருக்கலாம். எல்லா அறைகளின் சாவியும் கையில் இருப்பவன் பிறர் சொன்ன முகவரியை நம்பிக் கதவைத் திறந்துவிடலாகாது. ஆகையால் இவ்வெல்லையைக் கடந்து செய்திகளைக் கொண்டுவரவும் கொண்டுசெல்லவும் தனிச் சார்புகள் வைத்திருக்கிறார்கள். 'காப்பி ஃபிரம் யூசர்' என்பது செயலியிடமிருந்து கர்னலுக்கு எடுத்து வருவது. 'காப்பி டு யூசர்' என்பது கர்னலிலிருந்து செயலிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது.

அச்சார்பு முதலில் ஒன்றைப் பார்க்கிறது: கொடுத்த முகவரி செயலியின் எல்லைக்குள்தான் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே மறுத்துவிடுகிறது. எல்லைக்குள் இருந்தாலும் அவ்விடத்தில் உண்மையாகவே நினைவகம் உண்டா என்பது அடுத்த கேள்வி. பழைய பதிப்புகளில் ஒவ்வொரு முறையும் இதையும் முன்கூட்டியே ஆராய்ந்து பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது விண்ணப்பங்கள் நேர்மையானவையாக இருக்க, எல்லோரையும் சோதிப்பதில் காலம் வீணாயிற்று. 1996இல் தொடங்கிய 2.1 வரிசையில் முறை மாறியது. சோதனையை நினைவகத்தைக் காக்கும் வன்பொருளிடமே விட்டுவிட்டு, கர்னல் ஒரு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டது. எந்தெந்த ஆணைகளில் கால் வழுக்கக்கூடும், வழுக்கினால் எங்கே சென்று நிற்க வேண்டும் என்பதே அப்பட்டியல்.

இல்லாத முகவரியில் கை வைத்தால் வன்பொருள் கூக்குரலிடும். அப்பக்கம் வட்டில் ஒதுங்கியிருந்தால் கர்னல் அதை மீட்டு வந்து வேலையைத் தொடரும். உண்மையிலேயே ஒன்றுமில்லையென்றால் பட்டியலைப் பார்க்கும். ஆணை பட்டியலில் இருந்தால், குறித்த இடத்திற்குச் சென்று அமைதியாகப் பிழையைத் தெரிவிக்கும். பட்டியலில் இல்லாத ஆணை வழுக்கினால் அது கர்னலின் சொந்தக் குற்றம். அதை மூடி மறைக்காமல் உரத்த அறிக்கையாக வெளியிடும். ஒரு விண்ணப்பதாரரின் பிழைக்காக ஊர் முழுதும் இருளில் ஆழாதபடி இவ்வேற்பாடு காக்கிறது.

"இப்போதுதான் பாக்கிக் கணக்கு வருகிறது" என்றான் மருமகன். 4096 பைட்டுகளில் 3000 மட்டும் வந்து மேற்கொண்டு வர இயலாமற் போனால், அச்சார்பு "3000 வந்தது" என்று விடை சொல்வதில்லை. "1096 வரவில்லை" என்றே சொல்கிறது. எல்லாம் வந்திருந்தால் விடை பூஜ்யம். செயலியிடமிருந்து எடுத்து வரும்போது குறை நேர்ந்தால், வந்து சேராத இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பிவிடுகிறது. அங்கே முன்பு வேறொருவருடைய செய்தி கிடந்திருக்கலாம். அது புதிய செய்தியின் வாலாக ஒட்டிக்கொண்டு எவர் கைக்கேனும் போய்விடக் கூடாதல்லவா? பாக்கி இருப்பதைக் கண்ட கர்னல் நிரலர் செயலிக்குத் 'தவறான முகவரி' என்னும் 14ஆம் பிழையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதில் இருவகைக் குற்றங்கள் நேர்வதுண்டாம். பாக்கி எவ்வளவு என்று கேளாமலே எல்லாம் வந்துவிட்டதாக எண்ணி மேலே செல்வது ஒன்று. மற்றது இன்னும் நுட்பமானது. பிழை எண்கள் கழித்தற்குறியோடு வருபவை. பாக்கியோ வெறும் எண். கவனமற்ற நிரலர் அந்தப் பாக்கியை அப்படியே செயலிக்கு அனுப்பிவிட்டால், செயலி அதை வெற்றியின் அளவாகப் படித்துக்கொள்கிறது. பற்று வரவாகிவிடுகிறது!

எல்லைச் சோதனை விடுபட்டால் விளைவதென்ன என்பதற்கும் ஓர் உதாரணம் சொன்னான். தொலைபேசிகளில் பயன்படும் ஆர்ம் வகைச் செயலகங்கள் சிலவற்றுக்கான லினக்ஸில், சிறு மதிப்புகளை எடுக்கவும் வைக்கவும் உள்ள இரு சார்புகள் முகவரியைச் சரிபார்க்கத் தவறியிருந்தன. 3.5.5 பதிப்பில் அது திருத்தப்பட்டது. ஆனால் பழைய பதிப்போடு உலவிய ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் 2013 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தீயவர்கள் அவ்வோட்டை வழியாகக் கர்னலின் நினைவகத்தையே படித்தார்கள், மாற்றி எழுதினார்கள்.

அவன் பேசி முடித்தபோது என் நினைவு மதரஸாவுக்குச் சென்றிருந்தது. கையெழுத்துக் கிதாபுகளைப் பிரதி எடுக்கும் முறையை எங்கள் உஸ்தாது கற்பித்த நாட்கள் அவை. பிரதி எழுதி முடித்தால் வேலை முடிந்ததாகாது. ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றவர் பிரதியைப் பார்க்க வேண்டும். இதற்கு முகாபலா என்று பெயர். அமர்வு எங்கே நிற்கிறதோ அங்கே ஓரத்தில் 'பலக' என்று எழுதுவார்கள். 'எட்டியது' என்பது பொருள். அதைக் காண்கிறவர், இதுவரை ஒப்பு நோக்கியாயிற்று, இதற்குப் பின் இன்னும் இல்லை என்று அறிந்துகொள்வார். மூலத்தில் எழுத்து அழிந்திருந்தால் அவ்விடத்தை வெறுமையாக விட்டு, 'மூலத்தில் வெற்றிடம்' என்று குறிப்பார்கள். தாமாக நிரப்பமாட்டார்கள்.

ஹதீஸ் கலையிலும் இதே கண்டிப்பு உண்டு. எகிப்தின் காழியாக இருந்து ஹிஜ்ரி 174இல் மறைந்த அப்துல்லாஹ் இப்னு லஹீஆ (ரஹ்) அவர்களுடைய ஏடுகள் தீயில் எரிந்துபோயின. அதன்பின் அவர் நினைவிலிருந்து அறிவித்தவற்றில் குழப்பம் நேர்ந்தது என்பர். ஆகையால் அவரிடம் முன்னர்க் கேட்டவர் யார், பின்னர்க் கேட்டவர் யார் என்று ஆய்வாளர்கள் பிரித்து நோக்கினார்கள். அவருடைய பக்தியை எவரும் ஐயுறவில்லை. எதுவரை முழுமையாக வந்தது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

இவ்வளவும் நான் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவை. ஆயினும் அந்த வளைவில் என்னால் மருமகனை நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. என் மடியிலிருந்த பைதான் காரணம்.

செம்மேட்டுப் பெரியவர் மிளகு வியாபாரி. அவருடைய பாட்டனார் அரபுத்தமிழில் எழுதி வைத்த ஒரு ஃபிக்ஹு கிதாபைப் பிரதி எடுத்துத் தரும்படி என்னிடம் ஒப்படைத்திருந்தார். ஈராண்டு உழைத்தேன். செல்லரித்த பதினோரு இடங்களில் சொற்கள் இல்லை. முதல் இடத்தில் தயங்கினேன். மற்றக் கிதாபுகளைப் புரட்டி, இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தெளிந்து, எழுதிவிட்டேன். எந்தக் குறியும் இடவில்லை. பக்கம் அழகாக அமைந்தது. பிறகு தயக்கமும் போய்விட்டது. முடிந்த பாகங்களை அவ்வப்போது அவருக்கு அஞ்சலில் அனுப்பியும் வந்தேன்.

தண்ணீர் வந்தது. வண்டி குளிர்ந்து புறப்பட்டது. லுஹர் நேரத்தில் செம்மேட்டை அடைந்தோம். தொழுது, உணவருந்தி, மிளகு காயும் முற்றத்தில் அமர்ந்தபோது நான் செய்ததைச் சொன்னேன்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "விளைச்சல் விற்பது பற்றிய பாடத்திலுமா?" என்று கேட்டார்.

அதிலும்தான். காய் முற்றுவதற்கு முன் கொடியில் நிற்கும் விளைச்சலை விற்பது எந்த நிபந்தனையோடு கூடும் என்னுமிடத்தில் நிபந்தனையே அரித்துப்போயிருந்தது. 'உடனே பறித்துக்கொள்வது' என்று நான் எழுதியிருந்தேன்.

"அந்தப் பக்கத்தை ஜும்ஆவுக்குப் பின் எங்கள் வியாபாரிகளிடம் படித்துக் காட்டினேன், ஹஜ்ரத். என் பாட்டனார் கிதாபிலேயே இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு பேர் பேசி வைத்திருந்த பேரத்தை விட்டுவிட்டார்கள்."

"சட்டம் சரியானதுதான். ஃபிக்ஹு நூல்களில் உள்ளதுதான்" என்றேன். சொல்லும்போதே அது விடையன்று என்று எனக்குத் தெரிந்தது.

"சட்டம் சரியாக இருக்கட்டும். அவர் சொன்னார் என்றல்லவா நான் சொன்னேன்? அவர் வேறொன்று எழுதியிருந்தால்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் சொல்லை இறந்துபோன ஒருவரின் வாயில் வைத்துவிட்டேன். மற்ற நூல்களில் உள்ள சட்டம் இது என்று ஓரத்தில் தனியே எழுதியிருந்தால் அது கல்வி. மூலத்தின் வரிக்குள் எழுதியதால் அது பொய்யாயிற்று. நிரம்பிய பக்கத்தைப் பார்த்தவருக்குப் பாக்கி ஒன்று உண்டு என்று கேட்கவே வழியில்லை.

அன்றிரவு மலைக்குளிரில் போர்வைக்குள் அமர்ந்து, சிவப்பு மையால் பதினோரு இடங்களையும் அடித்தேன். மருமகன் தன் தொலைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து மூல ஏடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். இரண்டிடங்களில் எதிர்ப்பக்கத்தின்மேல் பழைய மை ஒற்றி, எழுத்துகள் தலைகீழ்ச் சாயலாகத் தெரிந்தன. கண்ணாடியில் காட்டிப் படித்தோம். ஒன்றில் நான் ஊகித்த சொல்லே இருந்தது. மற்றதில் இல்லை. அங்கே அவர் எழுதியிருந்தது என் சொல்லைவிடச் சிறியது, தெளிவானது. விளைச்சல் பற்றிய இடத்தில் ஒரு சாயலும் இல்லை. அதை வெறுமையாக விட்டு, 'மூலத்தில் வெற்றிடம்' என்று குறித்து, நூல்களில் உள்ள சட்டத்தை ஓரத்தில் என் பெயரோடு எழுதினேன்.

மறுநாள் விடைபெறும்போது பெரியவர் பிரதியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வருகிற வெள்ளியன்று வியாபாரிகளிடம் திரும்பச் சொல்லப்போவதாகக் கூறினார். பின் என்னிடம் கேட்டார்:

"எத்தனை பாக்கி, ஹஜ்ரத்?"

"ஒன்பது" என்றேன்.