அம்புக்குப் பின்னால் வருகிற நாய்

டென்மார்க்கில் புரொண்பி என்றதும் எவருக்கும் முதலில் நினைவு வருவது உதைபந்து. போட்டி நாட்களில் மஞ்சள் நீலச் சால்வை போட்ட கூட்டம் ரயிலால் இறங்கி, பாட்டுப் பாடிக்கொண்டே மைதானத்துக்குப் போகும். அதே மைதானத்தின் பக்கத்தில், புரொண்பி ஸ்டேடியம் 20 என்ற இலக்கத்தில், நாட்டின் விளையாட்டுச் சம்மேளனங்கள் பல குடியிருக்கும் பெரிய கட்டடம் ஒன்று உண்டு. டேனிஷ் வில்வித்தைச் சம்மேளனத்தின் முகவரியும் அதுவே. ஆனால் நான் தேடிப் போன வில்லாளர்களை அங்கே காண முடியாது. இலையுதிர்காலம் பிறந்ததும் அவர்கள் மரத்தில் ஏறிவிடுவார்கள்.

என் சித்தப்பாவின் மகன் புரொண்பி ஸ்ட்ராண்ட் தொடர்மாடியில் இருக்கிறான். எழுபதுகளில் கட்டி முடித்த பன்னிரண்டு உயர் கட்டடங்களில் ஐந்து, கட்டடப் பொருட்களில் பிசிபி நஞ்சு கலந்திருந்ததால் இடிப்புக்குப் போயின. மிஞ்சியவற்றில் ஒன்றில் அவன் வீடு. குளிர்பெட்டியைத் திறந்து, கடதாசியில் சுற்றிய ஒரு மான் தொடையைக் காட்டினான்.

“அண்ணை, இது துவக்காலை விழுத்தினதில்லை. அம்பாலை.”

கொடுத்தவர் அவனோடு வேலை செய்யும் டேனிஷ்காரர், மின்வேலை பார்ப்பவர். அவரைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடித்த பிடியில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

வில்வேட்டை என்றால் நமக்கெல்லாம் அமெரிக்கா. அங்கே வெள்ளைவால் மானை மரப்பரணில் இருந்து அம்பால் அடிப்பது ஒரு பருவகாலத் திருவிழா. விஸ்கொன்சின் மாநிலம் 1934இல் வில்லுக்கென்று தனிப் பருவத்தை முதன்முதலில் அறிவித்தது. அதே 1934இல் மினசோட்டாவில் இருந்து சில வெள்ளைவால் மான்குட்டிகள் கப்பலேறிப் பின்லாந்துக்கு வந்தன. இன்று அங்கே காடு நிறைய அவற்றின் சந்ததிதான். டென்மார்க்கில் வெள்ளைவால் கிடையாது. இங்கே இருப்பது ரோ மான்: ஆட்டளவு உடம்பு, குளிர்காலத்தில் சாம்பல் நிறம், ஓடும்போது பின்புறத்தில் வெள்ளைத் திட்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் ரோ மான்கள் வேட்டையில் விழுகின்றன, அநேகமாக எல்லாம் துவக்கால். வில்லால் ரோ மானை அடிக்க 1999இல் அனுமதி கிடைத்தது. பக்கத்து ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் அது இன்றைக்கும் குற்றம்.

டென்மார்க்கில் வில்வேட்டைக்கான தனி வகுப்பு, சோதனை, அம்பின் எடைக் கணக்கு எல்லாவற்றையும் மின்வேலைக்காரர் காரில் போகும்போது விளக்கினார். ரிங்ஸ்டெட் தாண்டும்வரை விளக்கினார். எனக்குப் பாதியிலேயே கண் சொக்கிவிட்டது. வில்லைக் கையில் தந்தபோதுதான் விழித்தேன்.

அது நம் கோயில் சிற்பங்களில் இராமன் பிடித்திருக்கும் வில் மாதிரியே இல்லை. இரு முனையிலும் கப்பி. நாண் கப்பிகளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. இழுக்கத் தொடங்கும்போது தோள் கழன்றுவிடும் போல் இருக்கும். முழுக்க இழுத்ததும் கப்பி திரும்பிச் சுமையின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். மான் ஒரு அடி எடுத்து வைக்கும்வரை வில்லை வளைத்தபடியே காத்திருக்கலாம். மிசூரி மாநிலத்தவரான ஹொலஸ் வில்பர் அலன் அறுபதுகளில் கண்டுபிடித்து, 1969இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

இவ்வளவு பொறியியலுக்குப் பிறகும் இருபது மீட்டருக்கு அப்பால் அவர் எய்வதில்லை. காரணத்தைக் கணக்காகச் சொன்னார். அம்பு விநாடிக்கு எண்பது, எண்பத்தைந்து மீட்டர் போகிறது. ஒலி முந்நூற்று நாற்பது. இருபது மீட்டரில் அம்பு போய்ச் சேரக் கால் விநாடி ஆகும். நாண் அதிர்ந்த சத்தம் அதில் கால்வாசி நேரத்தில் மானின் காதுக்குப் போய்விடும். திடுக்கிட்ட மான் ஓடுவதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும். நெஞ்சுக்கு வைத்த குறி முதுகுக்குப் போகும். அல்லது மான் முன்னால் பாய்ந்து வயிற்றில் படும். சன்னம் ஒலியை முந்திவிடுவதால் துவக்குக்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை.

பரண் ஒரு பீச் மரத்தில். தண்டோடு பட்டிகளால் இறுக்கிய அலுமினிய ஏணி, உச்சியில் இருவர் ஒடுங்கி உட்காரும் இருக்கை. ஏறு முன்னரே இடுப்பிலும் தொடையிலும் பட்டி மாட்டி அதைக் கயிற்றில் கொளுவிவிட்டார். பரணில் தூங்கி விழுந்து முதுகை முறித்துக்கொண்ட வேட்டைக்காரர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வன்னியில் குளக்கரை மரங்களில் கம்பு பரப்பிக் கட்டிய பரணில், வேட்டித்துண்டால் தன்னைக் கிளையோடு கட்டிக்கொண்டு இரவிரவாகக் குந்தியிருந்தவர்களை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க அவர்கள் சாம்பலை ஊதுவார்கள். இவர் ஒரு சின்னப் போத்தலை அமுக்கி வெண்தூளைப் பறக்கவிட்டார்.

நவம்பர் முதல் வாரம். நாலரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். பொழுது விழுந்தால் வேட்டையும் முடிந்தது என்பது பொதுச் சட்டம். மூன்று மணிக்குப் பிறகு ஒரு பெண் மான் இரண்டு குட்டிகளோடு வந்தது. குட்டி என்றால் கையில் தூக்கிக் கொஞ்சுகிற குட்டி இல்லை. மே, ஜூனில் பிறந்து இதற்குள் தாயின் தோளை எட்டிவிட்டவை. தாய் பதினைந்து மீட்டரில் விலாவைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றது. அவர் வில்லைத் தூக்கவில்லை. குட்டிகளை விட்டுத் தாயை அடிப்பது இங்கே பெரிய இழுக்கு. இலக்கு குட்டிதான். என் வயிறு கொஞ்சம் பிசைந்தது உண்மை. அவர் வளைத்தார், ஒரு குட்டி திரும்பியது, நாண் தட்டிய சத்தம் கேட்டது, மூன்றும் மறைந்தன. அவ்வளவுதான்.

இறங்கிப் போய் அம்பைத் தேடினோம். மானை ஊடுருவி அப்பால் மண்ணில் குத்தி நின்றது. நெற்றி விளக்கொளியில் அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெல்லத் திருப்பினார். பிளாஸ்டிக் இறகுகளுக்கிடையில் கருஞ்சிவப்பாக ஒட்டிய இரத்தம், அதில் நுரையே இல்லை, இரண்டு மூன்று சாம்பல் மயிர். முகர்ந்து பார்த்தார். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல். நூறு மீட்டருக்குள் மான் கிடக்கும். பச்சையாக நாறினால் குடல். இது ஈரல் என்றார். முகம் கறுத்துவிட்டது. உடனே பின்னால் போனால் படுத்திருக்கும் மான் எழுந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடும். அம்பு கிடந்த இடத்தில் செம்மஞ்சள் நாடா ஒன்றைக் கட்டினார், தொலைபேசியை எடுத்தார். விடியட்டும் என்று மறுமுனையில் ஒரு பெண்குரல் சொன்னது.

இந்தக் கட்டுரைக்கு உரியவர் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிதான்.

அறுபதைத் தாண்டிய, கட்டையான, அதிகம் சிரிக்காத மனுசி. ஓய்வு பெறும்வரை கோபன்ஹேகன் பக்கம் பேருந்து ஓட்டியவர். மறுநாள் விடிய வந்து அவர் காரின் பின்கதவைத் திறந்ததும் குதித்தது ஓநாய் போன்ற வேட்டைநாய் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்பீர்கள். முரட்டு மயிர் டக்ஸ்ஹுண்ட். முழங்காலுக்கும் எட்டாது, வயிறு புல்லை உரசும். காயம்பட்ட மிருகத்தைத் தேடுவதற்கென்று பழக்கி, சோதித்து, அரச பதிவேட்டில் சேர்த்த நாய்களையும் நடத்துநர்களையும் இங்கே ‘ஸ்வைஸ்’ என்ற பேரில் அழைக்கிறார்கள். அடித்த மிருகம் தப்பி ஓடினால் வேட்டைக்காரர் தன் வீட்டு நாயோடு அலைவதில்லை. இவர்களைக் கூப்பிடுவதுதான் முறை.

அவர் முதலில் மின்வேலைக்காரரை விசாரித்தார். மான் எங்கே நின்றது, எந்தப் பக்கம் பார்த்தது, அடிபட்டதும் துள்ளியதா கூனியதா, நீ எங்கே எல்லாம் கால் வைத்தாய். நல்ல வைத்தியர் நோயாளியைக் கேட்கிற தோரணை. பிறகு நாயின் கழுத்தில் அகன்ற தோல்பட்டியைப் பூட்டினார். அந்தப் பட்டி விழுந்ததும் அதுவரை எங்கள் சப்பாத்தை மோந்து விளையாடிய நாய் வேறு பிராணியாகிவிட்டது. மூக்கு நிலத்தில், வால் அசையாமல், நடையைவிட மெதுவாக. பத்து மீட்டர் வார் பின்னால் நெளிந்து போனது.

இருநூறு மீட்டர் வரை எனக்கே இரத்தத் துளிகள் தெரிந்தன, பீச் இலைகளில் மிளகளவு. பின்னர் ஒன்றும் இல்லை. நாய் ஒரு வாய்க்காலில் தடத்தை விட்டுவிட்டது. அந்த மனுசி ஒரு சொல் பேசவில்லை, வாரை இழுக்கவும் இல்லை. நின்றார். நாய் தானாகத் திரும்பி, கடைசித் துளிவரை வந்து, வட்டமிட்டு, வாய்க்காலின் மறுகரையில் பிடித்துக்கொண்டது. அவர் செய்த வேலை முழுவதும் அந்த நிற்பில் இருந்தது. நானாக இருந்தால் “அங்கே பார், அங்கே பார்” என்று கத்தியே நாயைக் கெடுத்திருப்பேன். முட்செடிப் பற்றைக்குள் மான்குட்டி கிடந்தது, எப்போதோ இறந்து குளிர்ந்து.

கோப்பி குடிக்கும்போது பேச்சுக் கொடுத்தேன், கூட வந்திருந்த சித்தப்பா மகன் தம்பி மொழிபெயர்த்தான். யூலாந்தில் பண்ணை வீட்டுப் பிள்ளையாம். ஜூன் மாதப் புல் அறுப்பில், ஆபத்து வந்தால் ஓடாமல் சுருண்டு படுக்கும் மான்குட்டிகளின் கால்களை யந்திரம் வெட்டிவிடும். தகப்பன் இறங்கிப் போய் முடித்துவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர். பல ஆண்டு கழித்து, விடியற்காலைப் பேருந்தின் முன்னால் ஒரு ரோ மான் பாய்ந்தது. மூன்று காலில் காட்டுக்குள் போய்விட்டது. பேருந்தில் ஆட்கள், நேர அட்டவணை, நிற்க முடியாது. தகவல் மட்டும் கொடுத்தார். மாலையில் அதே இடத்தால் வரும்போது ஒரு கிழவர் நாயோடும் மானோடும் வெளியே வந்துகொண்டிருந்தார். “அடுத்த ஆண்டே குட்டிநாய் வாங்கிட்டாவாம்” என்றான் தம்பி. அவருக்கு வரும் அழைப்பில் அம்பு அபூர்வம். பாதிக்கு மேல் வீதி விபத்து.

தம்பி கேட்டுவிட்டான், இதற்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்று. ஒன்றும் இல்லை. வேட்டைக்காரரிடம் கூலி வாங்காத வேலை இது.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வேட்டையில் பணம் எங்கெல்லாம் ஓடுகிறது என்று பாருங்கள். வேட்டை உரிமை நிலத்துக்காரருக்கு. நிலமில்லாத மின்வேலைக்காரர் நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஆண்டுக் குத்தகை கட்டுகிறார். யாரும் வளர்க்காத மான், யாரும் நடாத புல், அதற்கு வாடகை. வில் விற்பவன், இலைவடிவ உடுப்பு விற்பவன், வாசனை போக்கும் சவர்க்காரம் விற்பவன் எல்லாருக்கும் பங்கு உண்டு. கோபன்ஹேகன் உணவகத்தில் மான் இறைச்சி ஒரு துண்டு வருகிற விலையில் நம் வீட்டில் ஒரு கிழமைக்குச் சமைக்கலாம். வன்னியிலும் இதே கதைதான். பரணில் குந்தியவனிடம் வத்தல் இறைச்சியை அடிமாட்டு விலைக்கு வாங்க மோட்டார்சைக்கிளில் ஒருவன் வருவான். பிடிபட்டால் மறியலுக்குப் போவது குந்தியவன். வாங்கியவன் பட்டணத்தில் கடை கட்டினான். எங்கும் காட்டைத் தெரிந்தவன் கையில் ஒன்றும் தங்குவதில்லை. அந்த மனுசி நான் இப்படிப் பொரிந்ததைத் தம்பி சொல்லக் கேட்டு, பெற்றோலுக்கு மட்டும் யாராவது தந்தால் நல்லதுதான் என்றார்.

டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால் ஹோல்மகோர்ட் சதுப்பில் 1944இல் எடுத்த எல்ம் மர வில்லைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். ஒன்பதாயிரம் ஆண்டுப் பழசு, உலகின் மிகப் பழைய வில்களில் ஒன்று. எனக்கு அதைவிட அங்கே நிற்கும், விக் என்ற இடத்துக் காட்டெருதின் எலும்புக்கூடு முக்கியம். பத்தாயிரம் ஆண்டுக்கு முன் அம்பு பட்ட எருது. தீக்கல் முனைகள் விலாப்பக்கம் கிடைத்தன. ஆறிப்போன பழைய காயத்தின் தழும்பும் எலும்பில் உண்டு. அடித்தவர்களிடம் தப்பி நீருக்குள் போய்ச் செத்தது. தேடி எடுத்தவர் யாரும் இல்லை. வில் செய்யக் கற்ற மனிதன் அடுத்த வேலையைக் கற்க எத்தனையோ காலம் ஆகியிருக்கிறது.

டென்மார்க்கில் கார் ஓட்டும் நம்மவர்களுக்கு ஒன்று. ஒக்டோபர் கடைசியில் மணிக்கூட்டைப் பின்தள்ளியதும், வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் மான்கள் வீதியைக் கடக்கும் அந்தியும் ஒன்றாகிவிடும். மோதிவிட்டால், மான் எழுந்து ஓடினாலும், தப்பிவிட்டது என்று நினைத்துப் போய்விடாதீர்கள். காயம்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுப் போவது இங்கே சட்டப்படியும் தவறு. காரைப் பாதுகாப்பாக நிறுத்துங்கள். பின்னால் காட்டுக்குள் போகாதீர்கள். மோதிய இடத்தில் ஒரு துணியோ பையோ கட்டிவிட்டு, விலங்குகளுக்கான அவசர இலக்கம் 1812ஐ அழையுங்கள். நாயோடு ஒருவர் வருவார். நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை.