பெட்டிக்குள் ஒரு குடித்தனம்

மீன் வளர்த்து அலுத்த வீடுகளில் காலித் தொட்டி ஒன்று கட்டாயம் கிடக்கும். புதிதாக எந்த உயிர் வந்தாலும் அதைத் தூசி தட்டி எடுத்துவிடுவார்கள். உயரமான கண்ணாடித் தொட்டி பார்வைக்கு எடுப்புத்தான். ஆனால் தரையில் வாழும் டாரன்டுலாச் சிலந்திக்கு உயரம்தான் எமன். அதன் வயிறு மெல்லிய தோல் மூடிய பை. ஏறி வழுக்கி விழுந்தால் தோல் கிழிந்து, உள்நீர் ஒழுகியே செத்துப்போகலாம். மண்ணுக்கும் மூடிக்கும் இடையே கால்விரிவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வெளி வேண்டாம் என்பது வளர்ப்பவர்களின் கணக்கு.

லண்டன் ஹாரோவில் என் பேரன் வாங்கி வந்தது மெக்சிகோவின் செம்முழங்கால் இனம். அந்நாட்டின் பசிபிக் கரையோர வறண்ட காடுகளில் கல்லடியிலும் வேரடியிலும் வளை அமைத்து வாழ்வது. வியாபாரத்துக்காக அள்ளிப்போனதில் 1985இலேயே, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது. காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பொரித்ததா என்று கேட்டு வாங்கினாயா என்றேன். கேட்டிருந்தான். அதன் பிறகுதான் எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்க மனம் வந்தது.

பெட்டி ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம். அடியில் போட அவன் வாங்கியது தேங்காய்த் தும்புத்தூள். எங்கள் ஊரில் வேலியோரம் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்த சாமான், இங்கே கட்டியாக அழுத்தி பவுணுக்கு விற்கிறார்கள்! வெந்நீரில் ஊறவைத்து, கைப்பிடியில் பிழிந்தால் சொட்டு விழாத பதத்துக்கு வந்ததும், அரையடி ஆழம் போட்டு முட்டியால் இறுக்கினான். ஒரு மூலையில் தக்கை மரப்பட்டையைக் கவிழ்த்து, அதன் கீழே விரலால் குழி தொடங்கி வைத்தான். எதிர்மூலையில் சின்னத் தண்ணீர்க் கிண்ணம். அவ்வளவுதான் வீடு.

சிலந்தி வந்த குவளையை உள்ளே சாய்த்து வைத்து, தூரிகை நுனியால் பின்னங்காலைத் தொட்டான். முன்னங்கால் ஒன்று வெளியே நீண்டது. மண்ணைத் தட்டிப் பார்த்தது. திரும்பி உள்ளே போனது. மறுபடி நீண்டது. வெளியே வந்தும் மண்ணில் நிற்கவில்லை, கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. தும்பின் ஈரம் பிடிக்காவிட்டால் இப்படிச் செய்யும்; மேல்மண் காய்ந்ததும் தானாக இறங்கிவிடும்.

எங்களுக்குப் பொறுமை போவது அந்த இடத்தில்தான். “அப்பப்பா, அது ஒண்டும் சாப்பிடேல்லை” என்று பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்றான். “பசிச்சாச் சாப்பிடும், விடு ராசா” என்றேன். நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய கிழமையில் சொந்தக்காரர் எல்லாரும் புட்டும் இடியப்பமுமாக வந்து குவிந்தார்கள். எனக்கும் மனைவிக்கும் அப்போது வேண்டியிருந்தது கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதற்கு ஓர் அறை. அன்புக்குக் குறைவில்லை, அது யாருடைய ஆறுதலுக்கு என்பதில்தான் எனக்கு இன்றும் சந்தேகம்.

ஆகவே முதல் கிழமை தீனி இல்லை. பிறகு ஒரு சிள்வண்டு. மறுநாள் வரை தொடாவிட்டால் எடுத்துவிட வேண்டும். சட்டை உரிக்கும் நேரமென்றால் அந்தச் சிள்வண்டே சிலந்தியைக் கடித்துக் குதறும். சூட்டு விளக்கு தேவையில்லை, நமக்கு இதமான அறை அதற்கும் போதும். கையில் எடுத்து நண்பர்களுக்குக் காட்டுவது கூடவே கூடாது. தொந்தரவு செய்தால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து முள்மயிரைப் பறக்கவிடும். கண்ணில் பட்டால் வைத்தியரிடம் ஓட வேண்டும். சட்டை உரிக்கையில் மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறிந்தவர்கள் உண்டு. கால்களை அடியில் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தபடியே ஒடுங்கினால்தான் பயப்பட வேண்டும்.

அழகுக்காக அடிக்கடி பெட்டிக்குள் சாமான்களை மாற்றி வைப்பதையும் நான் தடுத்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெய்ன் என்ற ஆய்வாளர் 1974 முதல் கவனித்துவந்த மூடிவளைச் சிலந்தி ஒன்று 43 ஆண்டுகள் வாழ்ந்தது. டாரன்டுலாவுக்குத் தூரத்து உறவு. 2016இல் அது இல்லாமல் போகும்வரை இருந்தது ஒரே வளையில். எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை சோபா இடம் மாறும். அது எங்கள் வியாதி.

இந்த இனத்தில் பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும். பேரன் அடுத்த வருடம் பல்கலைக்கழகம் போகிறான். பெட்டி யார் பொறுப்பில் என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்காதீர்கள் என்றேன். மருமகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். சிள்வண்டு டப்பா குசினிக்குள் வரக்கூடாது என்பது அவள் நிபந்தனை.